மட்டாஞ்சேரி: அடைக்கலத்தின் நிபந்தனைகள்

கொச்சியின் மட்டாஞ்சேரியைச் சமய நல்லிணக்கத்தின் அருங்காட்சியகமாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அரண்மனையும் பழயன்னூர் பகவதி கோயிலும் பரதேசி ஜெப ஆலயமும் அருகருகே நிற்பதைச் சுட்டி, "இங்கே யூதர் ஒருநாளும் துன்புறுத்தப்படவில்லை" என்பர். இக்கூற்று பெரிதும் உண்மையே. ஆனால் அது எந்தக் கொச்சி என்ற வினாவை அக்கூற்று எழுப்புவதில்லை.

16ஆம் நூற்றாண்டில் கொச்சி என்னும் பெயரில் இரண்டு நகரங்கள் இருந்தன. கடல்முகத்தில் போர்த்துகீசியரின் கோட்டை நகரம். சற்று உள்ளே, காயலோரமாக, அரசரின் மட்டாஞ்சேரி. ஒன்றில் லிஸ்பனின் சட்டம் செல்லுபடியாகும், மற்றதில் ஆகாது. சில நிமிட நடையில் கடந்துவிடக்கூடிய அந்த எல்லையே பலருடைய உயிரைத் தீர்மானித்தது.

1492இல் ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியது. 1497இல் போர்த்துகல் அவர்களைக் கட்டாயமாக மதம் மாற்றியது. மாறியவர்களையும் நிம்மதியாக விடவில்லை: "புதுக் கிறித்தவர்" என்று தனிப்பெயரிட்டு, இரத்தத் தூய்மையின் பேரால் பல தலைமுறைகளுக்குச் சந்தேகத்தைத் தொடர்ந்தனர். பெரும்பான்மையோடு கலந்துவிடு என்று கட்டளையிட்ட அதே அதிகாரம், கலந்தவனைத் தனியே பிரித்தெடுக்கும் கருவியையும் உருவாக்கியது. அவர்களுள் சிலர் மிளகு வணிகத்தை ஒட்டிக் கொச்சிக் கோட்டைக்கு வந்து சேர்ந்தனர். மட்டாஞ்சேரி யூதர்களுடன் அவர்கள் கொண்டிருந்த பழக்கமே குற்றச்சாட்டாயிற்று. 1557இல் கொச்சியில் புதுக் கிறித்தவர்கள் கைதுசெய்யப்பட்டனர். பலர் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டனர். கோவாவில் இன்க்விசிஷன் எனப்பட்ட சமய விசாரணை மன்றம் அமைந்தது 1560இல்தான். அம்மன்றத்தின் முன்கதை கொச்சியில் தொடங்குகிறது என்பதைப் பாடநூல்கள் அரிதாகவே சொல்கின்றன.

அடுத்த சில ஆண்டுகளில், 1568இல், எல்லைக்கு இந்தப் பக்கம் அரசர் கொடுத்த நிலத்தில் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. இங்கே "பரதேசி" என்றால் அயல்நாட்டிலிருந்து வந்தவர். தமிழில் அச்சொல் இன்று அடைந்திருக்கும் இரவலர் என்ற பொருளை மறந்துவிட வேண்டும். யூதர் தலைவருக்குக் கொச்சி அரசர் வழங்கிய பட்டமோ "முதலியார்". இதனை மன்னரின் பரந்த உள்ளம் என்று மட்டும் விளக்குவது போதாது. துறைமுக அரசுக்குக் கடனும் கப்பலும் தொலைதூரத் தொடர்பும் உடைய வணிகர்கள் தேவைப்பட்டனர். பாதுகாப்பு என்பது ஓர் ஒப்பந்தம். 1662இல் ஒல்லாந்தரின் முற்றுகை தோற்றபோது, அவர்களுக்கு உதவினர் என்று பழிவாங்கப் போர்த்துகீசியர் எல்லையைத் தாண்டி வந்து ஜெப ஆலயத்துக்குத் தீ வைத்தனர். அன்று அரசரால் தடுக்க இயலவில்லை. மறுஆண்டு கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனபின்பே யூதத் தெரு மீண்டது.

ஒப்பந்தத்தை அரசரே முறித்ததும் உண்டு. கோவாவிலிருந்து தப்பிவந்த கொங்கணிகள் மட்டாஞ்சேரியில் திருமலை தேவர் கோயிலை எழுப்பிச் செல்வாக்குடன் வாழ்ந்தனர். 1791இல் சக்தன் தம்புரான் காலத்தில் அவர்களுடைய வணிகத் தலைவர்கள் கொல்லப்பட்டனர், சொத்துகள் பறிக்கப்பட்டன; தெய்வத் திருமேனியே திருவிதாங்கூரின் ஆலப்புழைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அரசரும் இந்து, கொல்லப்பட்டோரும் இந்துக்கள். ஆகவே இந்நிகழ்ச்சி நல்லிணக்கக் கதையிலும் இடம்பெறுவதில்லை, மதப்பகைக் கதையிலும் இடம்பெறுவதில்லை.

இதைவிடச் சங்கடமான பகுதி ஜெப ஆலயத்துக்கு உள்ளே இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்த சமயச் சட்ட அறிஞர் டேவிட் இப்னு சிம்ராவுக்குக் கொச்சியிலிருந்து ஒரு வினா சென்றது. சுமார் 900 குடும்பங்கள். அவற்றுள் 100 தங்களைத் தூய வமிசத்தார் என்று கருதின. எஞ்சியோர் பக்தியும் பொருளும் உடையவராயினும் "அடிமை வழியினர்" என்று ஒதுக்கி மணவுறவு மறுத்தன. முறையான சமயச் சடங்குக்குப் பின் மணவுறவுக்குத் தடையில்லை என்பது அவருடைய தீர்ப்பு. தீர்ப்பு ஏட்டில் நின்றது. பெரும்பான்மைவாதத்தைத் தலைக்கணக்காக மட்டும் புரிந்துகொள்வோர் இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்: ஒன்பதில் ஒரு பங்கினர்தாம் இங்கே "நாம்" என்பதன் எல்லையை வரைந்தனர். ஐபீரியாவின் இரத்தத் தூய்மைக் கோட்பாட்டிலிருந்து தப்பிவந்தோரின் வாரிசுகளும் பின்னர் அந்தச் சிறு வட்டத்தில் சேர்ந்துகொண்டனர். சுற்றியிருந்த சாதி ஒழுங்கு அதற்கு உள்ளூர் மொழியைக் கொடுத்தது.

பரதேசி ஜெப ஆலயத்தில் "மெஷுஹ்ராரிம்", அதாவது விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் எனப்பட்டவர்கள், உள்ளே இருக்கைகளில் அமரக்கூடாது. தோராச் சுருளை வாசிக்க அழைக்கப்படமாட்டார்கள். இறந்தபின் பரதேசிகளின் இடுகாட்டிலும் இடமில்லை. அப்பிரிவில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சலேம். சென்னையில் படித்து வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். காங்கிரஸ் மேடைகளில் பேசினார். சட்டமன்றத்தில் அமர முடிந்த அவரால் தம் ஜெப ஆலயத்தின் இருக்கையில் அமர முடியவில்லை. அவர் வழக்குமன்றத்தை நாடவில்லை. தம் மக்களுடன் ஜெப ஆலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். "யூத காந்தி" என்னும் பெயர் அதனால் வந்தது. வைக்கம் போராட்டம் நடந்த அதே காலச்சூழல் இது. ஆயினும் கோயில் நுழைவு வரலாறுகளில் சலேமின் பெயரைக் காண்பது அரிது.

தடைகள் ஒவ்வொன்றாகத் தளர 1940கள் ஆயின. மணவுறவுத் தடை மேலும் நீண்டது. 1950இல் சலேமின் மகன் பரதேசிக் குடும்பப் பெண்ணை மணந்தபோது, திருமணம் பம்பாயில் நடக்க வேண்டியிருந்தது.

அதற்குள் கப்பல்கள் காத்திருந்தன. இஸ்ரேல் உருவானபின் 1950களில் மலபார் யூதர்களில் பெரும்பாலோர் புறப்பட்டுச் சென்றனர். பரதேசிகளும் பின்னர்ச் சிறிது சிறிதாக வெளியேறினர். சலேம் மட்டாஞ்சேரியிலேயே இருந்து 1967இல் மறைந்தார். மறுஆண்டு ஜெப ஆலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. கூட்டு வழிபாடு நடத்த வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பத்தை நிரப்ப, வழிப்போக்கராக வந்த யூதப் பயணிகளை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. அவர்களிடம் எவரும் வமிசம் கேட்கவில்லை.