உடலின் நினைவும் லயத்துக் காம்பராவும்

1918-ஆம் ஆண்டில் இலங்கையைத் தாக்கிய இன்புளுவன்சா ஏறக்குறைய 3 இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று என்று 2014-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிடுகிறது. உலகெங்கும் அந்நோய் 20-க்கும் 40-க்கும் இடைப்பட்ட வயதினரையே அதிகம் சாய்த்தது. முதியோர் ஓரளவு தப்பினர். இளமையில் அவர்கள் கண்ட பழைய காய்ச்சலொன்றின் நினைவு உடலில் எஞ்சியிருந்ததே காரணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்கள் கங்காணிமாரை அனுப்பித் தேடிக்கொணர்ந்ததோ, உழைக்க வல்ல அந்த வயதினரைத்தான்!

2020-இல் கொரோனா பரவியபோது, 2015-க்கும் 2018-க்கும் இடையில் அமெரிக்காவில் எடுத்துவைத்த இரத்தத்தை ஆராய்ந்தனர். புதிய கிருமியைக் கண்டிராத அவ்விரத்த மாதிரிகளில் ஏறத்தாழப் பாதியில், அதனை இனங்காணும் 'டி' அணுக்கள் இருந்தன. சாதாரணச் சளியைத் தரும் உறவுக் கிருமிகள் கற்பித்த பாடமாக இது இருக்கலாம். உடனே, ஆசியரின் உடல் எதையும் தாங்கும் என்ற பேச்சும் கிளம்பிற்று. தோட்டத்து மக்களுக்குப் பழகிப்போன பேச்சு!

அணுக்களின் நினைவு இனத்தால் வருவதன்று. முன்னர் சந்தித்த நோய்களால் வருவது. அது நோயின் கடுமையைத் தணிக்கக்கூடுமேயன்றித் தொற்றுக்கு வாயிலடைப்பதில்லை. விலகியிருங்கள் என்று அரசாங்கம் அறிவித்த 2020-இலும் தோட்டத்துக் குடும்பங்கள் பல 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பராவிலேயே நெருங்கிக் கிடந்தன. ஊரடங்கு நாடு முழுவதற்கும் இருந்தது; கொழுந்து பறிப்பு மட்டும் நிற்கவில்லை.