பெயர் மாறினும் வேர் மாறுவதில்லை

கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அயல்நாட்டுப் பெயர் நம் ஊர்ப் பெயர்போல வழங்கி வருகிறது. தேனிப் பேருந்து நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. லோயர் கேம்ப்பில் அப்பெயருக்குரியவருக்கு 2013ஆம் ஆண்டு மணிமண்டபம் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜனவரி 15ஆம் நாள் பாலார்பட்டி மக்கள் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். கடைகளிலும் வீடுகளிலும் அவர் படம் தொங்குகிறது. பிறந்த பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியவர்களும் உளர். பென்னிகுவிக் என்பதே அப்பெயர்.

முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டி, மேற்கே ஓடிக் கடலில் வீழ்ந்த நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் தொண்டைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். ஈண்டு நாம் ஆராயப் புகுவது அவர் தொண்டை அன்று, அவர் பெயரை. அப்பெயரின் வேரைத் தேடிச் சென்றபோது, நம் சமுதாயத்தார் தம் முன்னோரைத் தேடுவதற்கு வேண்டிய பாடங்கள் சில அதில் பொதிந்திருக்கக் கண்டோம்.

ஊர் பெயரானது

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்குத் தெற்கே ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில் பென்னிகுக் என்றொரு சிற்றூர் உண்டு. அந்நிலத்தை ஆண்ட குடும்பத்தார் ‘பென்னிகுக் ஊரினர்’ என்று பழைய ஏடுகளில் குறிக்கப்பட்டனர். காலப்போக்கில் ‘ஊரினர்’ என்பது உதிர்ந்தது. ஊரின் பெயரே குடும்பத்தின் பெயராய் நின்றது. நிலம் பிறர் கைக்கு மாறிய பின்னும் பெயர் மட்டும் அக்குடும்பத்தாரோடு நாடு நாடாய்ச் சென்றது.

அரபு நூல்களைக் கற்றோர்க்கு இது புதிதன்று. புகாரி, திர்மிதி, கஸ்ஸாலி என்று நாம் நாள்தோறும் சொல்லும் பெயர்கள் யாவை? ஊரையோ தொழிலையோ குலத்தையோ கொண்டு ஒருவரை அடையாளம் காட்டும் ‘நிஸ்பா’க்களே அவை. இத்தகைய நிஸ்பாக்களை அகர வரிசையில் தொகுத்து, ஒவ்வொன்றும் எவ்வூரை, எக்குலத்தைச் சுட்டுகிறது என்று விளக்கிக் ‘கிதாபுல் அன்ஸாப்’ என்னும் பெருநூலை இயற்றியவர் 1166இல் மறைந்த இமாம் ஸம்ஆனி. ஸ்காட்லாந்தின் குடும்பப் பெயர்களுக்கு ஜார்ஜ் பிளாக் என்பார் அத்தகையதொரு நூலை 1946இல் வெளியிட்டார். இடையில் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழிந்திருந்தும் இருவர் கையாண்ட முறையும் ஏறக்குறைய ஒன்றே.

பென்னிகுக் என்னும் அப்பெயரை ஒருவர் எழுதியதுபோல் மற்றவர் எழுதவில்லை. ஆங்கில எழுத்தில் அதற்கு அரை டஜன் வடிவங்களுக்கு மேல் உண்டு. ஒரே குடும்பத்தில் தந்தை ஒரு விதமாகவும் மகன் வேறு விதமாகவும் எழுதியிருக்கலாம். எழுத்துக்கூட்டு நிலைபெறாத காலம் அது. தமிழில் வந்தபோது அது பென்னிகுவிக், பென்னிகுயிக், பென்னி குக் என்று மேலும் விரிந்தது. கிராமத்து முதியவர்களோ ‘பென்னி’ என்று அன்போடு சுருக்கிவிட்டனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பென்னிகுக் என்பதற்கு ‘குயிலின் குன்று’ என்று அந்நாட்டார் மரபாகப் பொருள் கூறுவர். ‘பென்’ என்பது தலை அல்லது குன்று. பின்வருவது குயிலினப் பறவையின் கூவலிலிருந்து பிறந்த சொல். ‘பென்னிகுயிக்’ என்னும் தமிழ் வடிவத்தில் ‘குயி’ இருக்கக் கண்டு, நம் குயிலுக்கும் அப்பெயருக்கும் உறவு உண்டென எவரேனும் எழுதத் துணியலாம். பறவை கூவிய ஒலியை இரு நாட்டாரும் தத்தம் செவிப்படி சொல்லாக்கினர், அவ்வளவே. ஒலி ஒத்திருப்பதால் வேர் ஒன்றாகிவிடாது. குடும்ப வரலாறு தேடுவோர் முதலில் அஞ்ச வேண்டிய பிழை இதுவே.

மூன்று ஜான்கள்

இரண்டாவது பிழையும் இக்குடும்பத்திலேயே காத்திருக்கிறது. அணை கட்டிய ஜான் பென்னிகுவிக் 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பூனாவில் பிறந்தார். அவருடைய தந்தையார் பெயரும் ஜான் பென்னிகுவிக், அவர் படைத்தலைவர். 1849ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் பஞ்சாபில் சில்லியன்வாலா போரில் அவர் வீழ்ந்தார். இளைஞரான மகன் அலெக்சாண்டரும் அதே களத்தில் மாண்டார். அப்போது நம் பொறியாளருக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருந்தது. பிற்காலத்தில் அவருக்குப் பிறந்த மகனுக்கும் ஜான் என்றே பெயர் வைத்தார். அம்மகன் இங்கிலாந்தில் புகழ்பெற்ற நீதிபதியாய் விளங்கி 1982இல் மறைந்தார். பெயரை மட்டும் கொண்டு தேடுபவன் போர்வீரரையும் பொறியாளரையும் நீதிபதியையும் ஒருவராக்கிவிடுவான். ஆண்டும் ஊரும் தொழிலும் சேர்ந்தால்தான் ஆள் துலங்கும்.

மூத்த மகனுக்குத் தந்தையைப் பெற்ற பாட்டன் பெயர், அடுத்த மகனுக்குத் தாயைப் பெற்ற பாட்டன் பெயர் என்பது ஸ்காட்லாந்தின் பழைய வழக்கம். நம் வீடுகளிலும் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதே வழக்கமன்றோ? ஆகவே ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும். தேடுவோர்க்கு இது துணையும் ஆகும், தடுமாற்றமும் ஆகும்.

ஆணையால் மாறிய பெயர்

பெயர்கள் தாமாக மாறுவது ஒரு வகை. அரசன் ஆணையால் மாறுவது மற்றொரு வகை. ஸ்காட்லாந்தில் ‘மாக்’ என்றால் மகன். அரபியில் ‘இப்னு’ போல. அங்கு மாக்கிரெகர் என்னும் குலத்தார்மீது சினங்கொண்ட அரசர் ஆறாம் ஜேம்ஸ் 1603இல் அப்பெயரைச் சூடுவதையே தடை செய்தார். அக்குலத்தார் டிரம்மண்ட், மரே, காம்ப்பெல் என்று வேறு பெயர்களுள் ஒளிந்தனர். தடை இடையே நீங்கி 1693இல் மீண்டும் வந்தது. 1774இல்தான் முற்றும் ஒழிந்தது. அக்குலத்தின் புகழ்பெற்ற வீரரான ராப் ராய், தம் தாயின் குலப் பெயரான காம்ப்பெல் என்பதைச் சில காலம் சூடினார். ‘ராய்’ என்பதும் குலப் பெயரன்று. செம்முடியினர் என்று பொருள்படும் பட்டப் பெயர். தச்சன் மகன் என்று பொருள்படும் மாக்கின்டயர் என்னும் பெயரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ‘ரைட்’ என்று வைத்துக்கொண்டவரும் உண்டு. பேரன் ‘ரைட்’ என்றிருந்தால் பாட்டன் ‘மாக்கின்டயர்’ என்று எவர் கண்டார்?

இனி நம் பக்கம் திரும்புவோம். உத்தமபாளையம், கம்பம், போடி முதலிய ஊர்களில் வாழும் முஸ்லிம்களிற் பெரும்பாலோர் இராவுத்தர்கள். குதிரை வீரரைக் குறிக்கும் பழஞ்சொல் அது. தமிழில் இராவுத்தர், ராவுத்தர் என்கிறோம். ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறோம். குமுளிக்கு மேற்கே சென்று குடியேறியோர் மலையாளத்தில் வேறு விதமாக எழுதுகின்றனர். இவை போதாவென்று அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் ‘இராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை’ என்று ஒரே வரியில் அடக்கிவிட்டது. வீட்டில் இராவுத்தர், சான்றிதழில் லெப்பை. சலுகை வேண்டுவோர் அதனைப் பெறுவது குற்றமன்று. ஆயினும் நூறாண்டு கழித்துச் சான்றிதழை மட்டும் பார்க்கும் பேரன், தன் பாட்டனார் லெப்பை வழியினர் என்றே எழுதி வைப்பான்.

பட்டப் பெயருக்கும் இங்குக் குறைவில்லை. உத்தமபாளையத்தில் 1956 முதல் கல்வி வழங்கி வரும் கல்லூரி ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரைத் தாங்கியுள்ளது. ‘கருத்த’ என்பது தூய தமிழ்ச் சொல். அரபுப் பெயரைத் தேடி மட்டுமே ஏடு புரட்டுவோர் இத்தகைய பெருமக்களைக் காணாமலே போவர். இயற்பெயர்களோ தமிழ் நாவில் தவழ்ந்து உருமாறின. முஹ்யித்தீன் முகைதீனாகி, மொய்தீனாகி, மைதீனானார். அப்துல் காதிர் காதரானார். ஷைகு அப்துல் காதிர் என்னும் கீழக்கரை வள்ளலையே தமிழுலகம் சீதக்காதி என்று அழைத்துப் போற்றவில்லையா?

தப்தர் சொன்ன சாட்சி

சில ஆண்டுகளுக்கு முன் குமுளிக்கு அப்பாலிருந்து ஒரு குடும்பத்தார் எம்மைத் தேடி வந்தனர். ஏலத்தோட்ட வேலைக்காக மலை ஏறிய பாட்டனாரின் உறவினர் இப்பள்ளத்தாக்கில் எவரேனும் உளரா என்பதே அவர்கள் வினா. அவர்கள் கையில் இருந்தது ‘மைதீன்’ என்னும் பெயர் ஒன்றே. அப்பெயருடையார் இங்குத் தெருவுக்கு இருவர் இருந்திருப்பர். நாம் பள்ளிவாசலின் பழைய நிக்காஹ் தப்தரைப் புரட்டினோம். அரபுத் தமிழில் எழுதப்பட்ட பக்கம் ஒன்றில் ‘முஹ்யித்தீன்’ என்றிருந்தது. அப்பெயர் எமக்கு உறுதி தரவில்லை. மணமகளின் தந்தை பெயரும் இரு சாட்சிகளின் பெயர்களுமே உறுதி தந்தன. அச்சாட்சிகளுள் ஒருவர் பெயரை வந்தவர்களுடன் இருந்த மூதாட்டி தம் வீட்டுப் பேச்சில் கேட்டிருந்தார். அன்று மாலையே பாட்டனாருடைய தங்கையின் பேரப்பிள்ளைகள் வீட்டில் அவர்கள் அமர்ந்திருந்தனர். இரு வீட்டாரும் பேசிய மொழி வேறு. அழுத அழுகை ஒன்று.

இதே போல் மற்றொரு குடும்பத்தாரும் பின்னர் வந்தனர். அவர்கள் வேண்டிய ஆண்டின் தப்தர் இல்லை. கட்டடத்தைப் புதுப்பித்தபோது கரையான் அரித்த ஏடுகளென்று அவற்றைப் பழைய காகிதக்காரனுக்கு எடை போட்டுவிட்டனர். அன்று அந்தச் சாக்குமூட்டைகள் வாசலைக் கடந்தபோது நாமும் அங்கே நின்றோம். பாடம் நடத்தும் நேரமாயிற்றென்று வாய் திறவாது சென்றோம். வந்தவர்கள் உறவின்றியே திரும்பினர். அக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு என்பதை எழுதாமல் இக்கட்டுரையை முடிக்க எம் மனம் ஒப்பவில்லை.

ஸ்காட்லாந்தில் பிறப்பு, மணம், இறப்பு யாவற்றையும் பதியும் சட்டம் 1855இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட காலத்திற்கு அவர்கள் நாடுவது தேவாலயங்களின் பழைய ஏடுகளை. அந்நாட்டு ஆவணங்களில் பெண்கள் பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பெயரோடே குறிக்கப்படுவதால் தாய்வழியும் துலங்குகிறது. நம் ஷரீஅத்திலும் மணமான பெண் தந்தையின் மகளாகவே அறியப்படுகிறாள்; நம் தப்தர்களும் அவ்வாறே எழுதப்பட்டன. ஆக, அவர்களுக்குக் கிடைத்த செல்வம் நமக்கும் கிடைத்திருக்கிறது. அவர்கள் காத்தனர், நாம் எடை போட்டோம்.

வாய்மொழியும் ஏடும்

வாய்மொழியை இகழ வேண்டுவதில்லை. ஆனால் அதன் இயல்பை அறிதல் வேண்டும். பென்னிகுவிக் தம் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்பது இப்பள்ளத்தாக்கின் வாய்மொழி. அணை அரசின் பணத்தில், 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு செய்த 999 ஆண்டுக் குத்தகையின்படி கட்டப்பட்டு, 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது என்பது ஏட்டின் செய்தி. வாய்மொழி நன்றியைச் சொல்கிறது. ஏடு கணக்கைச் சொல்கிறது. இராவுத்தர்கள் துருக்கியர் வழிவந்தோர் என்று சொல்வதையும் இவ்வாறே கொள்க. தப்தரும் மீஸான் கல்லும் பத்திரமும் எத்தலைமுறை வரை கைகொடுக்கின்றனவோ அதுவரை உறுதியாக எழுதுவோம். அதற்கு மேற்பட்டதை ‘முன்னோர் சொல்லக் கேட்டது’ என்று குறித்து வைப்போம்.

இது பெருமைக்காகவா? அன்று. மக்களைக் குலங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், இறையச்சம் உடையவரே மேலானவர் என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு உணர்த்துகிறது. உறவைப் பேணும் அளவுக்கு வமிசத்தை அறிந்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். நபியவர்களின் பேரன்புக்குரிய ஜைது (ரலி) அவர்களை மக்கள் ‘ஜைது இப்னு முஹம்மத்’ என்றே அழைத்து வந்தனர். வளர்ப்பு மக்களை அவரவர் தந்தையர் பெயராலேயே அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தில் வசனம் இறங்கிய பின் அவர்கள் ‘ஜைது இப்னு ஹாரிஸா’ ஆனார்கள். அதனால் அவர்கள் மதிப்புக் குறைந்ததா? திருமறையில் பெயர் குறிப்பிடப்பட்ட ஒரே தோழர் என்னும் சிறப்பு அவர்களுக்கன்றோ வாய்த்தது! வாரிசுரிமை, மணம், உறவைச் சேர்த்தல் ஆகிய மூன்றுக்கும் உண்மையான தந்தை பெயர் தேவை. மார்க்கம் கேட்பது அந்த உண்மையையே.

ஆதலின் ஒவ்வொரு குடும்பமும் இந்த ஆண்டிலேயே ஒரு குறிப்பேடு தொடங்குக. வீட்டில் மூத்தோரிடம் அமர்ந்து பாட்டன், பாட்டி, அவர்தம் உடன்பிறந்தார் பெயர்களைக் கேட்டு, வழங்கிய பட்டப் பெயரோடும் வாழ்ந்த தெருவோடும் சேர்த்து எழுதுக. ஜமாஅத்தார் பழைய தப்தர்களைப் படமெடுத்துக் காக்க. அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்தோர் வாழும்போதே அவற்றைப் படித்தெழுதச் செய்க. எம் பள்ளிவாசலில் எஞ்சியிருக்கும் தப்தர்களை நாம் இப்போது வெள்ளிதோறும் அஸருக்குப் பின் பெயர்த்தெழுதி வருகிறோம். குமுளிக்கு அப்பாலிருந்து இனி ஒருவர் வந்தால் அவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. அதற்கு வல்ல அல்லாஹ் துணைபுரிவானாக!