மைல்ஸ் பிராங்ளின்: பெயரும் படைப்பாளுமையும்

முன்னுரை

ஆஸ்திரேலிய நாவல் பரிசுகளுள் தலையாயதாகக் கருதப்படுவது மைல்ஸ் பிராங்ளின் பரிசு. ஆண்பெயர்போல் ஒலிக்கும் இப்பெயருக்கு உரியவர் ஒரு பெண். ஸ்டெல்லா மரியா சாரா மைல்ஸ் பிராங்ளின் என்பது அவரது முழுப்பெயர். பெயரை மறைத்தும் மாற்றியும் எழுதிய இவரது வாழ்வில், பெண்ணின் எழுத்து எவ்வாறு வாசிக்கப்பட்டது என்னும் வரலாறு அடங்கியுள்ளது. அவ்வரலாற்றை அவர் தாங்கிய பெயர்களின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் பின்புலமும்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தல்பிங்கோவில் 1879 அக்டோபர் 14 அன்று ஸ்டெல்லா பிறந்தார். மலைசூழ்ந்த பிரிண்டபெல்லாவில் குழந்தைப் பருவம் கழிந்தது. பின்னர்க் குடும்பம் கோல்பர்ன் அருகே சிறு பண்ணை ஒன்றுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு வறுமையும் கடும் உழைப்புமே வாழ்க்கையாயின. 'மைல்ஸ்' என்பது தாய்வழி முன்னோரான எட்வர்ட் மைல்ஸின் பெயர். அவர் 1788இல் முதற் கப்பற்படையில் கைதியாக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டவர்.

முதல் நாவலும் அதன் முன்னுரையும்

இருபது வயதை எட்டும் முன்னரே 'மை பிரில்லியண்ட் கரியர்' என்னும் நாவலை அவர் எழுதி முடித்தார். நாட்டுப்புறப் பெண்ணான சிபில்லா மெல்வின், செல்வரான ஹாரோல்ட் பீச்சத்தை மணக்க மறுத்து, எழுத்தாளராக வாழ விரும்புவதே கதை. தலைப்பில் 'பிரில்லியண்ட்' என்னும் சொல்லை அடுத்து ஆசிரியர் ஒரு வினாக்குறி இட்டிருந்தார். பதிப்பகம் அதனை நீக்கிவிட்டது. எள்ளலாக அமைந்த தலைப்பு இதனால் நேர்ப்பொருள் கொண்டதாயிற்று.

சிட்னிப் பதிப்பகம் ஒன்று கைப்படியை ஏற்காத நிலையில், எழுத்தாளர் ஹென்றி லாசனின் உதவியால் 1901இல் எடின்பரோவின் பிளாக்வுட் நிறுவனம் அதனை வெளியிட்டது. ஆசிரியர் பெண் என்பது வெளிப்படலாகாது என்பதே ஸ்டெல்லாவின் விருப்பம். ஆயின் லாசன் தம் முன்னுரையில், இதனை எழுதியவர் ஓர் இளம்பெண் என்பதை அறிவித்துவிட்டார். நூலின் நிலக்காட்சிகளையும் வாழ்க்கைச் சித்திரிப்பையும் மெய்யானவை எனப் போற்றிய அவர், உணர்ச்சிப் பகுதிகளை மதிப்பிடும் பொறுப்பைப் பெண் வாசகரிடம் விட்டார். பாராட்டே படைப்பை இரு கூறாக்கியது: நிலம் பொதுவானது, உணர்வு பெண்ணுக்குரியது என்னும் பாகுபாடு அதில் நிலைகொண்டது.

விளைவு கடுமையாக இருந்தது. உறவினரும் அண்டை அயலாரும் கதைமாந்தரில் தம்மையே கண்டு சினந்தனர். புனைவு தன்வரலாறாக வாசிக்கப்பட்டது. மனம் வருந்திய ஆசிரியர் நூலின் மறுபதிப்பைத் தடுத்தார். அவர் மறைந்த பின்னரே அது மீண்டும் அச்சேறியது. இத்தவறான வாசிப்புக்கு மறுமொழியாக அவர் எழுதிய 'மை கரியர் கோஸ் பங்' 1946இல்தான் வெளிவந்தது.

பணியும் பயணமும்

1903-04 காலத்தில் வேறு பெயரில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்து அவ்வாழ்வை அவர் நேரில் அறிந்தார். 1906இல் அமெரிக்கா சென்று, சிகாகோவில் ஆலிஸ் ஹென்றியுடன் தேசியப் பெண்கள் தொழிற்சங்கக் கூட்டமைப்பில் பணியாற்றினார். அதன் 'லைப் அண்ட் லேபர்' இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். 1915இல் 'மிஸ்டர் அண்ட் மிசஸ் ஓக்னிப்லாட் லார்ட்சாவ்' என்னும் விந்தைப் பெயரில் ஒரு நாவல் வெளியிட்டார். ஆங்கில எழுத்துகளில் 'ஓக்னிப்லாட்' என்பது தல்பிங்கோவைப் பின்னிருந்து எழுதியதே. பெயரை மறைத்தபோதும் பிறந்த ஊரை அவர் விடவில்லை. அதே ஆண்டில் லண்டன் சென்ற அவர், முதல் உலகப் போரின்போது மாசிடோனியாவின் ஆஸ்ட்ரோவோவில் ஸ்காட்லாந்துப் பெண்கள் மருத்துவமனையில் தொண்டாற்றினார்.

பிரெண்ட் என்னும் முகமூடி

1928இல் 'அப் தி கன்ட்ரி' நாவல் 'பிரெண்ட் ஆஃப் பின் பின்' என்னும் பெயரில் வெளிவந்தது. குடியேறியோர் குடும்பங்களின் தலைமுறைக் கதையைக் கூறும் இவ்வரிசையில் ஆறு நாவல்கள் உள்ளன. பிரெண்ட் யார் என்னும் வினா நெடுங்காலம் நிலவியது. அவர் இறுதிவரை அதற்கு வெளிப்படையாக விடையளிக்கவில்லை. 1966இல் அவருடைய தனித்தாள்கள் திறக்கப்பட்டபோதே ஐயம் நீங்கியது. இம்மறைவை விளம்பர உத்தியாக மட்டும் கருதுவது பொருந்தாது. 1901இல் அவருக்குக் கிட்டாத, எழுதியவரை நோக்காது எழுத்தை மட்டும் நோக்கும் வாசிப்பு இம்முகமூடியால் வாய்த்தது. எனினும் 1936இல் பரிசு வென்ற 'ஆல் தட் ஸ்வாகர்' அவரது சொந்தப் பெயரிலேயே வந்தமை குறிப்பிடத்தக்கது.

உயிலும் பரிசுகளும்

1932இல் தாயகம் திரும்பி நிலையாகத் தங்கிய அவர், 1954 செப்டம்பர் 19 அன்று காலமானார். சிக்கனமாகச் சேர்த்த பொருளைக் கொண்டு, ஆஸ்திரேலிய வாழ்வைச் சித்திரிக்கும் சிறந்த நாவலுக்கு ஆண்டுதோறும் பரிசளிக்க உயிலில் வழிசெய்திருந்தார். 1957இல் முதற் பரிசு பாட்ரிக் ஒயிட்டின் 'வாஸ்' நாவலுக்கு வழங்கப்பட்டது.

பெண் நிறுவிய இப்பரிசின் இறுதிப் பட்டியலில் 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ஒரு பெண்கூட இடம்பெறவில்லை. இந்நிலைக்கு எதிர்வினையாகப் பெண் எழுத்துக்கென ஒரு பரிசு உருவாகி, 2013இல் முதன்முறையாக வழங்கப்பட்டது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் 'ஸ்டெல்லா'. அவர் மறைத்த பெயரே பெண் எழுத்தின் அடையாளமாயிற்று.

2023இல் மைல்ஸ் பிராங்ளின் பரிசு, ஈழத்தமிழ் மரபினரான சங்கரி சந்திரனின் 'சாய் டைம் அட் சினமன் கார்டன்ஸ்' நாவலுக்குக் கிடைத்தது. சிட்னியின் முதியோர் இல்லம் ஒன்றைக் களமாகக் கொண்டு, இனவெறுப்பையும் இலங்கைப் போரின் நினைவுகளையும் பேசும் அந்நாவல், 'ஆஸ்திரேலிய வாழ்வு' என்னும் உயிற்சொல்லின் எல்லை விரிந்துள்ளமைக்குச் சான்றாகும்.

முடிவுரை

மைல்ஸ் பிராங்ளினின் புனைபெயர்களை அச்சத்தின் வெளிப்பாடு என ஒதுக்க இயலாது. பெண்ணின் புனைவை அவளது வாழ்க்கைக் குறிப்பாகச் சுருக்கும் வாசிப்பை எதிர்க்க அவர் கைக்கொண்ட வழிகள் அவை. இன்று ஒரே பெண்ணின் இரு பெயர்கள் இரு பரிசுகளாக நிற்கின்றன. அவற்றுள் இரண்டாவது தேவைப்பட்டது என்பதே, 1901இல் எழுந்த சிக்கல் ஒரு நூற்றாண்டு கடந்தும் முற்றிலும் தீரவில்லை என்பதை உணர்த்துகிறது.