சூரியனைத் தட்டிப் பார்த்தவர்கள்

சந்தையில் மண்பானை வாங்குபவர் அதை விரலால் தட்டிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓசையில் தெரிந்துவிடும். சூரியனின் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் ஏறக்குறைய இப்படித்தான் தெரிந்தது.

நம்மை வந்தடையும் ஒளி சூரியனின் மேற்பரப்பில் இருந்து வருவது. மையத்தில் வெப்பம் சுமார் 1.5 கோடி டிகிரி என்பது நீண்ட காலம் வரை வெறும் கணக்குதான்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ராபர்ட் லைட்டன் குழுவினர் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. காரணம் உடனே புரியவில்லை. 1970-ல் ரோஜர் உல்ரிச்சும், 1971-ல் லைபாக்கர், ஸ்டைன் இருவரும் விடை சொன்னார்கள்: இவை சூரியனுக்குள் சிறைப்பட்ட ஒலி அலைகள். ஆழத்தில் வெப்பம் கூடுவதால் அலை வளைந்து மேலே திரும்புகிறது. மேற்பரப்பில் மோதி மீண்டும் உள்ளே போகிறது. 1975-ல் ஜெர்மானியர் டாய்ப்னரின் அளவீடுகள் இதை உறுதி செய்தன. ஒவ்வொரு அலையும் வெவ்வேறு ஆழம் வரை போவதால், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளே ஒவ்வோர் அடுக்கிலும் ஒலியின் வேகம் தெரியும். அந்த வேகம் அங்குள்ள வெப்பத்தையும் பொருளையும் பொறுத்தது.

இதற்கிடையில் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கச் சுரங்கம் ஒன்றில் ரேமண்ட் டேவிஸ் சூரியனில் இருந்து வரும் நியூட்ரினோ துகள்களைத் தேடினார். 1968-ல் முதல் முடிவு வந்தது. பிந்தைய ஆண்டுகளிலும் கணக்கிட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. தப்பு டேவிஸின் சோதனையிலா, ஜான் பாக்காலின் கணக்கிலா, நியூட்ரினோவிலா? மையத்தின் வெப்பம் சில சதவீதம் குறைந்தாலே எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் பலரும் சூரியனைப் பற்றிய கணக்கைத்தான் சந்தேகித்தார்கள்.

ஓரிடத்தில் இருந்து பார்த்தால் சூரியன் மறைந்துவிடும், அளவீடு அறுந்துவிடும். எனவே 1995-ல் உலகைச் சுற்றி 6 இடங்களில் கோங் என்ற தொலைநோக்கி வலையமைப்பு முழுமையாக இயங்கத் தொடங்கியது. அதில் ஒன்று நம் நாட்டு உதய்ப்பூர். அதே ஆண்டு டிசம்பரில் சோஹோ விண்கலமும் ஏவப்பட்டது. அளந்த ஒலி வேகமும் கணக்கிட்ட வேகமும் பெரும்பாலான ஆழங்களில் அரை சதவீத வித்தியாசம்கூட இல்லாமல் பொருந்தின. பானையில் விரிசல் இல்லை!

அப்படியானால் குறை நியூட்ரினோ பற்றிய நம் புரிதலில்தான். 2001, 2002-ல் கனடாவின் சட்பரி ஆய்வகம் அதை நிரூபித்தது: நியூட்ரினோக்கள் வரும் வழியில் வகை மாறுகின்றன. டேவிஸ் எண்ணியதும் சரி, பாக்கால் கணக்கிட்டதும் சரி. டேவிஸுக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 88.

கதை இத்தோடு முடியவில்லை. சூரியனில் ஆக்சிஜன், கார்பன் போன்றவை முன்பு நினைத்ததைவிடக் குறைவு என்று 2000களில் புதிய அளவீடுகள் சொன்னதும், அந்த அழகான பொருத்தம் கொஞ்சம் கெட்டுப்போனது. அந்த விவாதம் இன்னும் தீரவில்லை. பானையை இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.