முள்ளங்கியும் கோஸும்: லைசென்கோ காலத்துக் கதை ஒன்று

எண்பதுகளில் நாங்கள் நடத்திய வாசிப்பு வட்டத்தில், மரபணு என்பதே முதலாளித்துவக் கற்பனை என்று மூத்த தோழர் ஒருவர் ஒரே போடாகப் போட்டார். துணைக்கு லைசென்கோவை இழுத்தார. நானும் தலையாட்டினேன், நோட்டில் எழுதியும் வைத்துக்கொண்டேன். நான் எழுதி வைத்த அந்த வரிக்குப் பின்னால் கொலைகள் இருந்தன என்று தெரிய வருஷக்கணக்காயிற்று.

ஜார்ஜி கார்ப்பெச்சென்கோ 1899ல் பிறந்தவர். லெனின்கிராடில் வாவிலோவின் தாவர நிறுவனத்தில் மரபியல் ஆய்வகத்தை நடத்தியவர். இருபதுகளில் அவர் செய்த வேலையை நம் வீட்டுக் காய்கறிக் கூடையை வைத்தே விளக்கிவிடலாம். முள்ளங்கிப் பூவில் முட்டைக்கோஸின் மகரந்தத்தைச் சேர்த்தார். முளைத்த செடி தளதளவென்று வளர்ந்தது, பூத்துக் குலுங்கியது. விதைதான் அநேகமாக இல்லை. ஏன்? முள்ளங்கியிலிருந்து 9 குரோமோசோம், கோஸிலிருந்து 9. கணக்கு சரி. ஆனால் பாலணு உருவாகும்போது ஒவ்வொரு குரோமோசோமும் தன் ஜோடியோடு சேர வேண்டும். இங்கே ஜோடி ஏது?

இந்த மலட்டுப் பூ ஒரே சமயத்தில் இரண்டு சாட்சி சொல்கிறது. உறவே இல்லாத செடிகளிடையே இப்படி ஒரு பிள்ளை பிறந்திருக்காது. ஆக இரண்டுக்கும் மூதாதை ஒன்று. பிரிந்து வெகுகாலமானதால் குரோமோசோம்கள் ஒன்றையொன்று அடையாளம் காண மறுக்கின்றன என்பது இன்னொன்று. (நம் பாடநூல்கள் 'சிற்றினம்' என்று எழுதுவது ஒருவகையில் நல்லதுதான். 'இனம்' என்று மொட்டையாகச் சொன்னால் நம்மிடையே வேறு சண்டைகள் வந்துவிடும்.)

கதை இத்தோடு முடியவில்லை. எப்போதாவது சில பாலணுக்கள் பாதியாகக் குறையாமல் 18 குரோமோசோம்களையும் அப்படியே சுமந்து வந்தன. அவை சேர்ந்தபோது 36 குரோமோசோம் கொண்ட செடி வந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் ஜோடி உண்டு. விதை பிடித்தது, சந்ததி தன்னைப்போலவே பெருகியது, தாய் தகப்பன் செடிகளோடு சுலபத்தில் கலக்கவும் இல்லை. சிற்றினம் ஒன்று கண்ணெதிரே பிரிந்து நின்றது. சாப்பாட்டுக்கு உதவாத செடிதான். கீழே முள்ளங்கி, மேலே கோஸ் என்று யாராவது கனவு கண்டிருந்தால் ஏமாந்திருப்பார்கள்.

இது ஆய்வகத்து வித்தை மட்டுமல்ல. ஜப்பானில் வேலை செய்த நாகஹாரு உ 1935ல் கடுகுக் குடும்பத்தில் இதே கணக்கைக் காட்டினார். கருங்கடுகின் பாலணுவில் 8, டர்னிப்பில் 10, இந்தியாவில் பரவலாக விளையும் கடுகில் 18. 2016ல் வெளியான அக்கடுகின் மரபுத்தொகுதியிலும் அந்த இரு வம்சாவளிகளும் தனித்தனியே தெரிகின்றன. தாளிக்கிற கடுகே கலப்பில் பிறந்ததுதான். தூய்மை பேசுகிறவர்கள் காதில் இதைப் போட்டு வைக்கலாம்.

என்னை உறுத்துவது வேறு. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகப் பாய்கிறது என்று எங்கெல்ஸ் படித்த நாங்கள் மேடைதோறும் சொன்னோம். குரோமோசோம் எண்ணிக்கை இரட்டித்ததும் புதிய சிற்றினம் பிறந்ததை ஒரு சோவியத் விஞ்ஞானியே காட்டியிருந்தார். அந்த ஆளைத்தான் 1941 பிப்ரவரியில் கைதுசெய்தார்கள். வாவிலோவ் அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே சிறைக்குள் போயிருந்தார். சோவியத் எதிர்ப்புச் சதி என்று குற்றச்சாட்டு. 1941 ஜூலை 28 அன்று கார்ப்பெச்சென்கோவைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 42. வாவிலோவ் 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் செத்தார். பயிர்களின் பிறப்பிடம் தேடி உலகம் சுற்றிய மனுஷன்.

'ஸ்டாலின் காலத்துத் தவறுகள்' என்ற ஒற்றை வரியில் இதைக் கடந்துபோவது நமக்குப் பழகிவிட்டது. எனக்கு அது போதவில்லை. லைசென்கோவுக்கும் தாவல்தான் வேண்டியிருந்தது. ஆனால் குரோமோசோம் கூடாது, எண்ணிப் பார்க்கிற வேலை கூடாது. 1948 ஆகஸ்டில் வேளாண் அகாதமிக் கூட்டத்தில் மரபியலை ஒழித்துக் கட்டினார். அதற்குப் பிறகு கோதுமைக் கதிரில் ரை தானியம் விளைகிறது என்று அறிவித்தார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மரபியல் நிறுவனத்தின் இயக்குநர் நாற்காலியில் அவர் 1965 வரை இருந்தார்.