சதாசிவம் கொலை வழக்கு

1951 ஒக்டோபர் 9 அன்று கொழும்பு பம்பலப்பிட்டி, சென்ற் அல்பன்ஸ் பிளேசில் உள்ள தம் வீட்டில் திருமதி சதாசிவம் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். உடல் கராஜில் கிடந்தது. தாலிக்கொடியும் வேறு நகைகளும் போயிருந்தன. சில நாட்களுக்கு முன்னர்தான் வேலைக்கு வந்த வில்லியமும் தலைமறைவாகியிருந்தான்.

கணவர் மகாதேவ சதாசிவம் நாடறிந்த துடுப்பாட்ட வீரர். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் எடுத்தவர். 1948இல் பிரட்மனின் அணிக்கு எதிராக இலங்கைக்குத் தலைமை தாங்கியவர். தம்பதியர் பிரியும் நிலையில் இருந்ததால் பொலிசாரின் சந்தேகம் அவர்மேல் விழுந்தது. பிடிபட்ட வில்லியம், கொலையைச் செய்தவர் எசமான்தான், நான் உடந்தையாக மட்டும் இருந்தேன், நகைகளும் அவர் தந்தவையே என்றான். நிபந்தனையுடன் மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாகவும் ஆனான். நகையோடு ஓடியவனின் வாய்ச்சொல்லை அத்திவாரமாக்கி ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்ப முயன்றது இவ்வழக்கின் பெரும் பலவீனம்.

எதிரித் தரப்புக்குக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். அவர் தரப்பில் பொலிசைச் சாராத ஆய்வாளராக வந்தவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் சட்ட மருத்துவப் பேராசிரியர் சேர் சிட்னி ஸ்மித். நியூசிலாந்தில் பிறந்து, எகிப்தில் பல ஆண்டுகள் கொலைத் தடயங்களை ஆராய்ந்தவர். கொலை படுக்கையறையில் நடந்தது என்றான் வில்லியம். ஸ்மித்தின் கவனமோ இறந்தவரின் உள்ளங்கால்களில் ஒட்டியிருந்த அழுக்கின்மேல் சென்றது. அது குசினித் தரையைச் சுட்டியது. வில்லியத்தின் உடலில் இருந்த நகக்கீறல்கள், தன்னைக் காத்துக்கொள்ள அந்தப் பெண் போராடியதைக் காட்டின.

அடுத்த கேள்வி நேரம் பற்றியது. சதாசிவம் காலை 10.30 அளவில் டாக்சியில் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். பிரேதப் பரிசோதனை செய்த பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம், உடல் குளிர்ந்த அளவை வைத்து மரணம் அதற்குப் பிறகே நேர்ந்திருக்கலாம் எனக் கணித்தார். குளிர்நாட்டு அட்டவணைகள் கொழும்பு வெக்கைக்குப் பொருந்தா. ஆகவே தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல் வெப்பம் இறங்கும் வேகத்தை அளந்து, இந்நாட்டுக்கென்றே ஒரு கணக்கை அவர் உருவாக்கினார். அரசாங்க மருத்துவராக இருந்துகொண்டே அரசுத் தரப்பின் வாதத்துக்கு எதிரான முடிவை அவர் மன்றில் சொன்னது, ஸ்மித்தின் புகழுக்கு எவ்விதத்திலும் குறையாத நேர்மை.

1953 மார்ச் 20இல் நீதியரசர் கிரேஷனின் முன் தொடங்கிய விசாரணை 57 நாட்கள் நீடித்தது. யூரர்கள் ஏகமனதாகச் சதாசிவம் குற்றவாளி அல்ல என்றனர். அதற்குள் ஏறத்தாழ 20 மாதங்களை அவர் மறியலில் கழித்திருந்தார். நான்கு பெண் குழந்தைகளின் தாயைக் கொன்றதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

ஸ்மித் தம் நினைவு நூலில் இவ்வழக்கைப் பதிவு செய்தார். டி சேரமும் இரு சக ஆய்வாளர்களும் 41 கைதிகளின் அளவீடுகளைக் கொண்டு 1955இல் வெளியிட்ட கட்டுரை, வெப்ப நாடுகளில் மரண நேரம் கணிப்பதற்கான முன்னோடி ஆய்வுகளில் ஒன்று.