கரும்பொருளுக்கு மின்னூட்டம் உண்டா? ஒரு வினாவின் வரலாறு

பேரண்டத்திலுள்ள பொருளில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு கரும்பொருள். அது ஒளியை உமிழ்வதுமில்லை, உறிஞ்சுவதுமில்லை. ஈர்ப்பு ஒன்றால்தான் தன் இருப்பை உணர்த்துகிறது. ‘மின்காந்த விசைக்கு உட்படாதது’ என்று பாடநூல்கள் ஒரே வரியில் இதைச் சொல்லி முடிக்கின்றன. அந்த வரி அனுமானமாகத்தான் முதலில் நுழைந்தது. அது அளந்து பார்க்கும் வினாவாக மாறிய வரலாற்றில் தென்னிந்தியாவுக்கு உறுதியான இடம் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1933இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி கோமா விண்மீன் மண்டலக் கொத்தில் கண்ணுக்குப் புலப்படாத நிறை இருப்பதாகக் கணித்தார். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடாவின் சுழற்சியை அளந்து வெளியிட்டார்கள். அந்த மறைந்த நிறை நியூட்ரினோக்களாக இருக்கலாம் என்று 1973இல் எழுதியவர்களில் ஒருவர் இந்திய இயற்பியலாளர் ராமநாத் கௌசிக். மங்கலான விண்மீன்களையும் வாயுவையும் தேடிய காலத்தில், நுண்துகள் ஒன்றைக் காரணமாகக் காட்டியது பெரிய திருப்பம். நியூட்ரினோ பெரும்பங்காக இருக்க முடியாது எனப் பின்னர் தெளிவாயிற்று. துகள் என்ற எண்ணம் மட்டும் நிலைத்தது.

துகள் என்றால் அதன் மின்னூட்டம் எவ்வளவு? பூச்சியம் என்றாலும் வினா முடிவதில்லை. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை; காந்தத் திருப்புத்திறன் உண்டு. சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமச்சந்திர ராவ் 1930களில் டயாகாந்தத்தை ஆராய்ந்தார். காந்தத்துக்கு அசையாதவை என்று நாம் நினைக்கும் பொருள்களிலும் இருக்கும் மிக நுண்ணிய விலக்கத்தை அளக்கும் துறை அது. கரும்பொருளுக்கும் அவர் ஆய்வுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ‘இல்லை’ என்று சொல்லும் முன் அளந்து பார்க்க வேண்டும் என்ற ஒழுக்கம் இரண்டுக்கும் பொது.

1986இல் பாப் ஹோல்டம் ஒரு வழியைக் காட்டினார். நம் ஃபோட்டானைப் போல வேறொரு ஃபோட்டான் இருந்து, இரண்டும் சிறிதளவு கலந்தால், மறைந்த துகளுக்கு எலக்ட்ரானுடையதில் மிகச் சிறு பின்னமாக மின்னூட்டம் தோன்றும். 2004இல் கிரிஸ் சிகர்ட்சனும் அவர் குழுவினரும் கரும்பொருளுக்கு மின், காந்த இருமுனைத் திருப்புத்திறன்கள் எவ்வளவு இருக்கலாம் என வரம்பு கட்டினார்கள். அதே ஆண்டு ஜெனீவாவின் செர்ன் வளாகத்தில், இந்திய அரசு அளித்த நடராசர் சிலை நிறுவப்பட்டது. மறைந்த ஃபோட்டானைத் தேடும் என்ஏ64 சோதனை நடப்பதும் அந்த செர்னில்தான். இதைக் காட்டி, சிதம்பர ரகசியமே கரும்பொருள் என்று பேசுவோர் உண்டு. அது சமயத்துக்கும் இயற்பியலுக்கும் ஒருங்கே செய்யும் அநீதி.

வரலாற்றின் செறிவான பகுதி 2018இல் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் நிறுவப்பட்ட எட்ஜஸ் வானொலிக் கருவி, முதல் விண்மீன்கள் பிறந்த காலத்து ஹைட்ரஜன் பதித்த உறிஞ்சலை 78 மெகாஹெர்ட்ஸில் கண்டதாக அறிவித்தது. அதன் ஆழம் சுமார் 0.5 கெல்வின், எதிர்பார்த்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல். அப்படியானால் ஹைட்ரஜன் வாயு எதிர்பார்த்ததைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த கரும்பொருள் அதன் வெப்பத்தை ஈர்த்துக்கொண்டது என்றார் ரென்னன் பர்கானா. கரும்பொருளில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதற்கு, எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும் என்று ஹூலியன் முன்யோஸும் அவி லோபும் கணித்தார்கள். மின்னூட்ட மோதல் மெதுவாகச் செல்லும் துகள்களிடையே வலுப்படும். பேரண்டம் குளிர்ந்திருந்த அக்காலம் அதற்கு ஏற்றது.

அந்த அளவீடு சரிதானா என்று சோதித்தது பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் சரஸ் 3. நிலத்தில் வைத்த அலைவாங்கிக்கு அடியிலுள்ள மண் அடுக்குகள் அலைகளை எதிரொலித்துக் குழப்பும். நீர் சீரானது. ஆகவே 2020இல் கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும் சராவதி நீர்த்தேக்கத்திலும் தெப்பத்தில் கருவியை மிதக்கவிட்டார்கள். வீராணம் ஏரியைப் பாசனத்துக்கும் குடிநீருக்கும் மட்டுமே அறிந்த நமக்கு, ஏரியே ஆய்வுக்கருவியின் உறுப்பாவது வியப்பூட்டும். சௌரப் சிங், ரவி சுப்ரமணியன் முதலானோர் 2022இல் வெளியிட்ட முடிவு, எட்ஜஸ் கண்ட வடிவம் வானத்திலிருந்து வந்ததல்ல என்று 95.3 விழுக்காடு உறுதியோடு மறுத்தது.

இதனால் நுண்மின்னூட்டக் கரும்பொருள் என்ற கருத்து அழிந்துவிடவில்லை. அதை வற்புறுத்திய வலிமையான வானியல் காரணம்தான் தளர்ந்தது. உறிஞ்சலைக் கண்டதாக எட்ஜஸ் தந்த அறிவிப்புக்குக் கிடைத்த புகழில் பாதிகூட இந்த மறுப்புக்குக் கிடைக்கவில்லை; என் மதிப்பீட்டில் இரண்டும் சமமான சாதனைகளே. கடலூரிலும் சிதம்பரத்திலும் முதுகலை இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சரஸ் 3 ஆய்வறிக்கையை வகுப்பில் வரிவரியாகப் படித்து விவாதிக்க வேண்டும்.